ஊரிலிருந்து வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலுக்கோ கோயில் கொடைத் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகிறோம். மூன்று நாள் விடுப்பு, மீதி நாளெல்லாம் லேப்டாப். கொரோனாவுக்குப் பிறகு சென்னையிலும் பெங்களூருவிலும் ஐடி வேலையில் இருக்கும் நிறையப் பேர் இப்படித்தான் ஊர் போய் வருகிறார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். மற்ற மாவட்டங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். சிக்னல், கரண்ட் இரண்டையும் கொஞ்சம் பணம் செலவழித்தால் ஓரளவு சமாளித்துவிடலாம். நீங்கள் வேலையில் இருப்பது வீட்டில் உள்ளவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பெரிய சிக்கல். அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

பத்து நாள் ஊரில் இருக்கப் போகிறேன். எந்த நாள் லீவு, எந்த நாள் வேலை?

விசேஷ நாளும் அதற்கு முந்தைய நாளும் முழு லீவு. இதில் பேரமே வேண்டாம். "காதுகுத்து காலையில முடிஞ்சிரும், மத்தியானம் உட்கார்ந்திரலாம்" என்று கணக்குப் போட்டவர்கள் யாரும் மத்தியானம் உட்கார்ந்ததில்லை. பந்தி முடிய மூன்று மணி ஆகும், அப்புறம் மொய் நோட்டைக் கூட்டிப்பார்க்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

மிச்சமுள்ள லீவை முதலில் எடுப்பதா, கடைசியில் எடுப்பதா என்றால் முதலில் என்பேன். ஊருக்கு வந்த முதல் இரண்டு நாளில்தான் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி என்று எல்லாரும் பார்க்க வருவார்கள். அவர்களோடு நிதானமாக உட்கார்ந்து பேசிவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து நீங்கள் புது ஆள் இல்லை. வீடு அதன் வழக்கத்துக்குத் திரும்பிவிடும். வந்து இறங்கிய அன்றே கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தால், பார்க்க வந்தவர்களுக்கு ஒரு வருத்தம் தங்கிவிடும். அதை அடுத்த வருடம் வரை சொல்லிக்காட்டுவார்கள்.

வீட்டில் "சும்மாதானே உட்கார்ந்திருக்கே" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். வயலுக்குப் போனால் வேலை, கடையைத் திறந்தால் வேலை, பள்ளிக்கூடத்துக்குப் போனால் வேலை. கட்டிலில் உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டு, நடுநடுவே சிரித்துக்கொண்டு இருப்பது அவர்கள் கணக்கில் எதில் சேரும்? தட்டச்சு செய்யும்போதாவது ஏதோ நடக்கிறது என்று விட்டுவிடுவார்கள். மீட்டிங்கில் நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பார்ப்பவருக்கு நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதாகத்தான் தெரியும்.

"நான் பிஸி" என்பதை விட்டுவிடுங்கள். அதற்கு வீட்டில் எந்தப் பொருளும் கிடையாது. வீட்டின் நேரத்தில் சொல்லுங்கள். "ஒன்றரைக்குச் சாப்பிட வந்திருவேன், நாலு மணிக்குக் காப்பிக்கு வருவேன், அதுக்கு நடுவுல கூப்பிடாதீங்கம்மா." அந்த நாலு மணியைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. போனை உள்ளே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் திண்ணையில் அவர்களோடு உட்காருங்கள். நாலு மணிக்கு ஆள் கிடைப்பான், கிடைப்பாள் என்று நம்பிக்கை வந்துவிட்டால், பதினோரு மணிக்குத் தோன்றும் பேச்சை நாலு மணிக்கு எடுத்துவைத்துக்கொள்வார்கள். இரண்டு நாள் நீங்கள் வராமல் விட்டால் பழையபடி பதினோரு மணிக்கே வந்து நிற்பார்கள். அதில் தப்பும் இல்லை.

ஒரே இடத்தில் உட்காருவதும் உதவும். இன்று கட்டில், நாளை திண்ணை, மறுநாள் மாடி என்று மாறினால் எது வேலை, எது ஓய்வு என்று யாருக்கும் பிடிபடாது. லுங்கியோடு உட்காராமல் சட்டை போட்டு உட்கார்ந்து பாருங்கள். கேலி செய்வார்கள், ஆனால் தொந்தரவு குறையும். கதவைச் சாத்துவதாக இருந்தால் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சாத்துங்கள். கிராமத்து வீட்டில் பகலில் அறைக்கதவைச் சாத்தினால் ஒன்று உடம்பு சரியில்லை, இல்லையென்றால் கோபம் என்று அர்த்தம்.

வீடியோ ஓடும்போது அம்மா முறுக்குத் தட்டோடு வந்துவிட்டால் பதற வேண்டாம். வாங்கி வைத்துவிட்டுத் தொடருங்கள். மறுபுறம் இருப்பவர்கள் அதை ஒரு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். நீங்கள் அம்மாவிடம் கத்தியது மட்டும் வீட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

அப்பா தினமும் ஏதாவது ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்.

ஆறு மாதமாகச் சேர்த்துவைத்த வேலைகள் அவை. வங்கியில் கேஒய்சி, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று, பட்டாவில் பெயர்த் திருத்தம், கூட்டுறவு வங்கி நகைக்கடனைத் திருப்பி வைப்பது, போனில் ஏதோ வேலை செய்யவில்லை என்பது. பிள்ளைகள் வரட்டும் என்று வைத்திருந்திருப்பார்கள். தினம் ஒன்றாக அவர் எடுத்துவிடும்போதுதான் உங்கள் நாள் உடைகிறது.

வந்த அன்றே அவரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதற்கு எந்த அசல் ஆவணம் வேண்டும், எது இ-சேவை மையத்திலேயே முடியும், எதற்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று பிரியுங்கள். இணையத்தில் முடிகிறவற்றை இரவில் முடியுங்கள். மிச்சத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். மீட்டிங்குகளுக்கு நடுவே தாலுகா ஆபீஸ் போய்வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே வரிசை உங்கள் காலண்டரைப் பார்த்து நகராது.

மாமியார் வீட்டில் இருந்து வேலை பார்க்கிறேன். என் கணவரின் வேலை மட்டும்தான் வேலையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், பெரும்பாலும் தனியாக, குரலைத் தாழ்த்தி. இருவரும் ஒரே மாதிரி லேப்டாப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். "தம்பி வேலையா இருக்கான், சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை விரட்டும் அதே வாய், "ஏம்மா, அந்தத் தேங்காயைக் கொஞ்சம் திருவிக் குடு" என்று உங்களிடம் வரும். அத்தை கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. மருமகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் அடுக்களைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அவருக்கும் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

இதைப் பேச வேண்டியவர் கணவர். அதுவும் ஊருக்குக் கிளம்பும் முன்பே, போனில், அவர் அம்மாவிடம் நேராகச் சொல்ல வேண்டும். "எங்க ரெண்டு பேருக்குமே லீவு இல்லம்மா. பத்துல இருந்து ஆறு வரைக்கும் அவளும் ஆபீஸ்லதான் இருப்பா." அங்கே போய் இறங்கியபின், நீங்கள் வாய் திறந்து சொன்னால் அது வேறு மாதிரிக் கேட்கும். சொன்னதோடு கணவர் நிறுத்திவிடக் கூடாது. தன் இடைவேளையில் எழுந்து போய்க் காய் நறுக்கவோ தட்டுக் கழுவவோ வேண்டும். "நீ ஏன்டா இதெல்லாம் செய்ற" என்று முதல் நாள் சத்தம் வரும். இரண்டாவது நாள் குறையும்.

காலைச் சமையலில் நீங்களும் கை கொடுத்துவிட்டு ஒன்பதரைக்கு எழுந்துகொள்வது நடைமுறையில் பல வீடுகளில் ஒத்துவருகிறது. வேறு சிலர் வேலை நாட்களை அம்மா வீட்டிலும், லீவு நாட்களை மாமியார் வீட்டிலும் என்று பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டு ஊரும் பக்கத்தில் இருந்தால் இது நல்ல ஏற்பாடு. கணவரால் அந்த ஒரு போனைச் செய்ய முடியாதென்றால், அங்கே இருக்கும் நாட்களைக் குறைத்து, இருக்கும் வரை முழு லீவு எடுங்கள். பகலில் அடுக்களை, இரவில் விட்டுப்போன அலுவலக வேலை என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போனால் நாலாவது நாளே காய்ச்சல் வரும்.

"வேலை போயிருச்சா?" என்று தெருவில் கேட்கிறார்கள்.

கேட்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஊரில் தங்கினாலே வரும் கேள்விதான். "இல்ல மாமா, இங்க இருந்தே பாக்கச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது. வீடியோ மீட்டிங் நடக்குமா?

கோட்டை நம்பாதீர்கள், வேகத்தை அளந்து பாருங்கள். பதிவிறக்க வேகம் எல்லாருக்கும் கண்ணில் படும், மீட்டிங்கைக் கெடுப்பது பதிவேற்றம்தான். சுமாரான தரத்தில் வீடியோ போக மேலே (பதிவேற்றம்) ஒன்றேகால் எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), கீழே (பதிவிறக்கம்) அதே அளவு இருந்தால் போதும். அது நிலையாக இருக்க வேண்டும். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஊரே போனில் படம் பார்க்கத் தொடங்கும்போது அதே டவரில் உங்கள் பங்கு சுருங்கிவிடும்.

டேட்டா கணக்கும் இருக்கிறது. ஒரு எம்பிபிஎஸ் வேகம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. மேலும் கீழுமாக வீடியோ ஓடும் ஒரு மணி நேர மீட்டிங் ஏறக்குறைய ஒரு ஜிபியைத் தின்றுவிடும். தினம் 2 ஜிபி பேக் போட்டவருக்கு மத்தியானத்துக்குள் தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். கேமராவை அணைத்துக் குரலை மட்டும் வைத்தால் மணிக்கு நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். தினசரி அளவு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால், அமெரிக்க ஷிப்ட்காரர்களுக்கு ஒரே ஷிப்டில் இரண்டு நாள் பங்கு கிடைக்கும். அவர்களுக்கு இருக்கும் சொற்ப ஆறுதல்களில் இதுவும் ஒன்று.

இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எது எடுக்கும் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் பால்காரரிடமோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடமோ கேளுங்கள். 5ஜி இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் கிராமத்து ஓரத்தில் அது வந்து வந்து போனால், போனை 4ஜியில் நிறுத்திவைப்பது நல்லது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதுதான் குரல் அறுபடும். போனை சிக்னல் உள்ள ஜன்னலில் வைத்து, நீளமான கேபிளால் லேப்டாப்போடு இணையுங்கள். போன் சார்ஜும் ஏறும், பழைய வீட்டின் தடிச்சுவரை வைஃபை தாண்ட வேண்டிய அவசியமும் இருக்காது.

வீட்டுக்கே ஃபைபர் இழுத்துவிடலாமா?

வருடத்துக்கு இரண்டு வாரம் வருபவருக்குத் தேவையில்லை. அப்பா அம்மாவும் பயன்படுத்துவார்கள், நீங்களும் அடிக்கடி வருவீர்கள் என்றால் இழுக்கலாம். பல ஊர்களில் கேபிள் டிவிக்காரரே இணைப்புத் தருகிறார். மாதம் மாதம் கட்டினால் போதுமா, பழுது என்றால் அன்றைக்கே ஆள் வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேகத்தைவிட இரண்டாவது கேள்விதான் முக்கியம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டது என்பதற்காக உங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது என்று பொருளில்லை, விசாரியுங்கள்.

கம்பத்தில் தொங்கும் இழைக்கு எதிரிகள் அதிகம். சாலை அகலப்படுத்தும் ஜேசிபி, கரும்பு லாரி, குற்றாலம், பாபநாசம் பக்கமென்றால் குரங்கு. அதனால் ஃபைபர் இருந்தாலும் மொபைல் டேட்டா கையில் இருக்கட்டும்.

கரண்ட் போனால்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, துணை மின்நிலையப் பராமரிப்புக்காக அறிவித்துவிட்டு நிறுத்துவது. காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கி மத்தியானம் இரண்டு மணி வரை, சில இடங்களில் மாலை வரை போகும். முந்தைய நாள் நாளிதழில் ஊர்ப் பெயர்களோடு வந்துவிடும். கிளம்புவதற்கு முன் வீட்டுக்குப் போன் செய்து "இந்த மாசம் பவர் கட் முடிஞ்சிருச்சா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் அந்த நாளில் முக்கியமான மீட்டிங் வைக்காதீர்கள்.

மற்றது சொல்லாமல் போவது. காற்றடித்தால் போகும், ஐப்பசி மழையில் இடி இடித்தால் போகும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகார் பதியலாம். ஆனால் உள்ளூர் லைன்மேனின் எண் வீட்டில் கட்டாயம் இருக்கும், அதைத்தான் எல்லாரும் முதலில் அழைப்பார்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால் ஒரு கணக்கு: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் தாளில் 1,800 வாட்-மணி இருக்கும். இழப்பெல்லாம் போக ஆயிரத்துச் சொச்சம் கைக்கு வரும். லேப்டாப், ரூட்டர், ஒரு மின்விசிறி சேர்த்து 150 வாட் என்றால் ஏழு மணி நேரம் ஓட வேண்டும். நிஜத்தில் மூன்று அறை விசிறியும் டிவியும் அதே இன்வெர்ட்டரில் ஓடும், பேட்டரியும் பழையதாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் கூவத் தொடங்கிவிடும். ரூட்டருக்கென்று தனியாக 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கையடக்கமானது, பையில் போகும். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு அதிலேயே ரூட்டரை ஓட்டலாம். நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் மொபைல் டவரும் பேட்டரி தீர்ந்து படுத்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கோயில் கொடை. குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

நெல்லைப் பக்கம் கொடை பெரும்பாலும் செவ்வாயிலோ வெள்ளியிலோ வரும், அதாவது வேலை நாளில். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாக்களுக்கு வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். விதி அப்படி இருந்தாலும், சொந்த ஊர்க் கொடைக்கு ஸ்டேஷனுக்குப் போன் போட்டவர் என்ற பெயரோடு அந்தத் தெருவில் நடப்பது சுலபமில்லை. மைக்செட்காரரிடம் நேரில் போய்க் குழாயைக் கொஞ்சம் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். கேட்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் உடனே கேட்பார். வாயருகே மைக் வரும் ஹெட்செட் அணிந்து, மீட்டிங் செயலியின் இரைச்சல் குறைப்பை உச்சத்தில் வையுங்கள். தொடர்ச்சியான விசிறிச் சத்தத்தை அது நன்றாக வடிகட்டும். வில்லுப்பாட்டுக்காரரின் குரலை வடிகட்டுவது கஷ்டம், அதுவும் குரல்தானே. கொடை நாளுக்கு லீவு போட்டுவிட்டுப் பொங்கல் வைக்கும் இடத்துக்குப் போய் நிற்பதுதான் என் யோசனை.

அமெரிக்க நேரம், லண்டன் நேரம் பார்ப்பவர்களுக்கு?

லண்டன்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே காலை 9 என்றால் நமக்குக் கோடையில் 1:30, குளிர்காலத்தில் 2:30. காலை முழுக்க உங்களுடையது. ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு உட்காரலாம்.

நியூயார்க் காலை 9 நமக்கு மாலை 6:30, நவம்பர் முதல் மார்ச் வரை 7:30. ஊரில் வீடு நிறைவதே அந்த நேரத்தில்தான். விளக்கு வைத்து, ஆட்கள் வந்து, திண்ணையில் பேச்சு தொடங்கும்போது நீங்கள் உள்ளே போவீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு "இன்னும் எந்திரிக்கலையா?" என்று எழுப்பிவிடுவார்கள். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுப் பெரியவர் ஒருவரையாவது ஓர் இரவு பதினொரு மணிக்கு நீங்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கவைத்துவிடுங்கள். அதன்பின் உங்கள் தூக்கத்துக்கு அவரே காவல்.

பயணத்தை எப்படி அமைப்பது?

ஊரிலிருந்து வேலை பார்ப்பதில் உண்மையான லாபம் இங்கேதான். எல்லாரும் வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பும்போது நீங்கள் செவ்வாய் போய், அடுத்த வாரம் புதன் திரும்பலாம். பொதிகையிலும் நெல்லை எக்ஸ்பிரஸிலும் அந்த நாட்களில் இடம் கிடைக்கும். ஆம்னி பஸ் கட்டணமும் தலை சுற்ற வைக்காது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்தது. பண்டிகை நாளுக்கென்றால் முன்பதிவு திறக்கும் அன்று காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். இரவு ரயிலில் வந்து இறங்கும் அன்று காலை மீட்டிங் வைக்காதீர்கள், ரயில் தாமதமாகும். வந்தே பாரத்தில் பகலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கோப்பைத் திறந்து எழுதலாம், பேச முடியாது. நடுவில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

மேலாளரிடம் ஊரில் இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். பின்னணியில் சேவல் கூவியபின் சொல்வதைவிட முன்பே சொல்வது மரியாதை. எந்தத் தேதிகள், நெட் போனால் எந்த எண்ணில் கிடைப்பீர்கள், அவசரத்துக்கு யார் பார்த்துக்கொள்வார் என்ற மூன்றும் அந்தச் செய்தியில் இருக்கட்டும்.

ஊரில் இருக்கும்போது துக்கம் நடந்துவிட்டால்?

லேப்டாப்பை மூடிவிட்டுப் போங்கள். "குடும்பத்தில் மரணம், இரண்டு நாள் இருக்க மாட்டேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். துக்க வீட்டு வாசலில் நின்று காதில் ஹெட்செட்டோடு பேசுவதை ஊர் மன்னிக்காது.

வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா?

நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள். பல நிறுவனங்கள் வேறு நாட்டிலிருந்து தங்கள் நெட்வொர்க்குக்குள் நுழைவதையே தடுத்து வைத்திருக்கும். இந்தியாவில் இருந்துகொண்டு செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் ஈட்டியதாகவே இங்குள்ள வரிச் சட்டம் கருதுகிறது. அமெரிக்கா, சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற நாடுகளோடு உள்ள இரட்டை வரி ஒப்பந்தங்களில் குறுகிய காலத் தங்கலுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இரண்டு வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் கணக்கு வேறு, நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். கலிபோர்னியா நேரம் என்றால் அங்கே காலை 9 நமக்கு இரவு 9:30 அல்லது 10:30. வயதான பெற்றோரோடு பகல் முழுக்க இருக்கலாம் என்று வருபவர்கள், பகல் முழுக்கத் தூங்குவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மேஜை நாற்காலி எதுவும் இல்லையே?

பழைய தையல் மெஷின் மேஜை நல்ல உயரம். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை. கட்டிலில் மட்டும் வேண்டாம்.

ஊருக்கே நிரந்தரமாக வந்துவிட்டால்?

அது வேறு கணக்கு. ஊருக்கருகே வேலைகள் முளைத்திருப்பது உண்மைதான். தென்காசி அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011 முதல் இயங்குகிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் 2024இல் ஐடி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்காக்கள் திறந்தார்கள். ஆனால் விருந்தாளியாக வரும் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை எதுவும், தங்கிவிட்டால் கிடைக்காது. ரேஷன் கடை, தோட்டத்து மோட்டார், பங்காளிச் சண்டை எல்லாவற்றிலும் நீங்களும் ஓர் ஆள். பண்டிகை, கொடை எதுவும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் நாலு வாரம் இருந்து பார்த்துவிட்டு வாடகை வீட்டைக் காலி செய்வதைப் பற்றி யோசியுங்கள்.